ஒற்றை அழுத்து

பியர் நகரம், தெற்கு டகோட்டா. பிப்ரவரி.
மிசௌரி ஆற்றின் மேல் பனி
இன்னும் ஒரு லாரியைத் தாங்கும் கனத்தில்.
விசாரணை அறையில் வெந்நீர்க் குழாய்
கனைத்துக் கனைத்து அடங்குகிறது.

எல்லோரும் எழுகிறார்கள்.
எல்லோருடைய வலக்கையும் நெஞ்சுக்குப் போகிறது.
என் கைகள் இரண்டும் விசைகளின் மேல்.
இருபத்திரண்டு வருடமாய் இந்த அறையில்
நெஞ்சைத் தொடாமல் உட்கார்ந்திருப்பவள் நான் ஒருத்திதான்.
யாரும் குறை சொன்னதில்லை.
எழுதுகிறவளுக்கு விலக்கு உண்டு.

உறுதிமொழியைச் சொல்லி முடித்து அமர்ந்தார்கள்,
உறுதிமொழியை மாற்றலாமா என்று பேச.
வாஷிங்டனுக்கு ஒரு வேண்டுகோள்:
‘கடவுளின் கீழ்’,
அந்த இரண்டு சொற்களை எடுத்துவிடுங்கள்.

ஆர்விட் ஸ்கோக்லண்ட், வயது எண்பது, கோதுமை விவசாயி:
“ஐம்பத்து நான்கு செப்டம்பர். நான்காம் வகுப்பு.
மிஸ் டெல்ஃப் கரும்பலகையில் அந்த இரண்டையும் எழுதினார்.
வாய் பழைய தடத்திலேயே போய்த் தடுக்கியது,
இருட்டில் புதிதாக ஒரு படி முளைத்த மாதிரி.
கிறிஸ்துமஸ் வரை தடுக்கினோம்.
அப்புறம், என்றைக்கும் இருந்தது போல் ஆகிவிட்டது.
ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவன் நான்.
ஆனாலும் அந்தப் படி எனக்குத் தெரியும்.”

ரோசான் ட்வெட் காகிதம் எதுவும் கொண்டுவரவில்லை.
அவர் மகன் லோவெலுக்குத் திக்குவாய்.
சொந்தப் பெயரின் முதல் எழுத்திலேயே நின்றுவிடுவானாம்.
வகுப்போடு சேர்ந்து இதைச் சொல்லும்போது மட்டும்
தண்ணீர் மாதிரி வருமாம்.
“ஒரு அசையைக்கூடத் தொடாதீர்கள்” என்றார்.
ஃபலூஜாவிலிருந்து அவன் எப்படித் திரும்பினான் என்று
தலைவர் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.
அரை நிமிடம் என் தாளில் வெறுமை.

டெல்மர் ப்ளூ தண்டர்,
ரோஸ்பட்டிலிருந்து பனியில் நூறு மைல் ஓட்டி வந்தவர்:
“இரண்டு சொல்லை எடுக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன்.
‘எல்லோருக்கும்’ என்பதைத்தான் எடுக்கிறார்களோ என்று வந்தேன்.
அது இருக்கட்டுமாம்.
சரி.”
தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஒரு பதினோரு வயதுக்காரி, இமோஜின் ப்ரூயிட்,
ஒலிவாங்கி எட்டாமல் எழுந்து நின்று கேட்டாள்:
“ஏன் தினமும்?
நேற்றுச் சொன்னது ராத்திரியோடு காலாவதி ஆகிவிடுமா?”
(சிரிப்பு) என்று பதிந்தேன்.
அவள் சிரிக்கவில்லை.
அதற்கு என்னிடம் விசை இல்லை.

ஆணையிட்டுச் சொல்வது ஒன்று,
ஆணைக்குச் சொல்வது இன்னொன்று.
இது நான் வீட்டுக்குப் போகும் வழியில் நினைத்தது.
பதிவில் கிடையாது.

வாக்கை மாற்ற வாக்கெடுப்பு.
நான்குக்கு நான்கு.
ஒன்பதாவது ஆள் வரும் சாலை பனியில் மூடிக்கிடந்தது.
ஒத்திவைப்பு.

இனி என் வாக்குமூலம்.
அந்த முப்பத்தொரு சொற்களுக்கும்
என் இயந்திரத்தில் ஒரே அழுத்து.
நான்கு விரலைச் சேர்த்து அமுக்கினால் போதும்,
கொடி, குடியரசு, கடவுள், நீதி
மொத்தமாய்த் திரையில் வந்து விழும்.
வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் செய்துகொண்ட சுருக்கு.
அதற்குப் பிறகு ஒரு நாள்கூட
நான் அந்தச் சொற்களைக் கேட்டதில்லை.
நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டதும்
விரல்கள் தாமாக இறங்கிவிடும்.
தீர்மானம் நிறைவேறியிருந்தால்
அகராதியில் ஒரு பதிவைத் திருத்தியிருப்பேன்,
அரை நிமிட வேலை.

அன்றிரவு அந்தப் பதிவை அழித்தேன்.
எந்தப் பக்கம் சேர்ந்தும் இல்லை.
ஏனென்று கேட்டால் இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியாது.

மறுநாள் காலை மீன்வளக் குழு.
எழுந்தார்கள். ஆரம்பித்தார்கள்.
சொல்லுக்குச் சொல் அடித்தேன்.
இவ்வளவு வேகமாகவா சொல்கிறார்கள் இதை?
‘ஒரே தேசம்’ தாண்டியதும் மூன்றாவது வரிசையில் யாரோ
இரண்டு சொல் நேரத்துக்கு
மூச்சு மட்டும் வாங்கினார்.
நிமிர்ந்து பார்க்கவில்லை, பார்த்தால் பிந்துவேன்.
அப்படியும் பிந்திவிட்டேன்.
நாற்காலிகள் நகர்ந்தன, யாரோ இருமினார்,
தலைவர் நேற்றைய குறிப்புகளைப் புரட்டத் தொடங்கினார்.
எல்லோரும் உட்கார்ந்த பிறகும்
நான் அடித்துக்கொண்டிருந்தேன்,
‘எல்லோருக்கும்’ இன்னும் வரவில்லை.